டைம் ஷீட்ல ஏறாத மணி நேரம்

2000கள்ல துபாய் தலைகால் தெரியாம கட்டிட்டு இருந்த சமயம், அங்க ஒரு கட்டுமான கம்பெனில நான் டைம் கீப்பர். யாரு எப்ப வந்தாங்க, எப்ப போனாங்க, ஓவர் டைம் எவ்ளோன்னு எழுதி ஹெட் ஆபீசுக்கு அனுப்பணும், அவ்ளோதான் வேலை. கல்ஃப்ல அடிப்பாங்க, பட்டினி போடுவாங்கன்னு ஊர்ல பேசுவாங்க, அதெல்லாமும் உண்டுதான், ஆனா நான் பாத்தவரைக்கும் பெரிய திருட்டு நடந்தது பேப்பர்ல, சத்தமே இல்லாம.

முதல்ல இந்த பேசிக், அதாவது அடிப்படை சம்பளம். ஊர்ல ஏஜென்ட் 900 திர்ஹாம்னு சொல்லி அனுப்பிருப்பான். இங்க வந்து எறங்கினா வேற அக்ரிமெண்ட், அரபிலயும் இங்கிலீஷ்லயும் இருக்கும், கையெழுத்து போடுறவருக்கு ரெண்டும் தெரியாது. உதாரணத்துக்கு பேசிக் 450, சாப்பாட்டுக்கு 150ன்னு வெச்சுக்கங்க. 600 வருதேன்னு மனச தேத்திக்குவாங்க. ஆனா ஓவர் டைம் போடுறது பேசிக்க வெச்சு, 450ஐ 30 நாளுக்கும் 8 மணிக்கும் வகுத்து அதுமேல கால் பங்கு சேத்தா மணிக்கு 2 திர்ஹாம் சொச்சம்தான் நிக்கும். கடைசில முடிச்சுட்டுப் போறப்ப வர்ற சர்வீஸ் பணமும் மொத அஞ்சு வருஷம் வரைக்கும் வருஷத்துக்கு 21 நாள் பேசிக்தான். பேசிக்க சின்னதா வெச்சுட்டா போதும், மத்ததெல்லாம் தானா சுருங்கிடும்.

அப்புறம் பஸ். துபாய்ல தொழிலாளிங்க தங்குற சோனாப்பூர் கேம்ப்ல காலைல 4 மணிக்கு எந்திரிச்சு, பாத்ரூமுக்கு க்யூ நின்னு, டப்பாவ எடுத்துக்கிட்டு பஸ் ஏறினா, சைட் வந்து சேர ஒண்ணரை மணி நேரம் ஆகும், சாயங்காலம் டிராஃபிக்ல அதுக்கும் மேல. போக வர ஆகுற நேரம் வேலை நேரத்துல சேராதுன்னு சட்டத்துலயே இருக்கு. ராத்திரி 9 மணிக்கு ரூமுக்குப் போற ஆளுக்கு என் ஷீட்ல 8 பிளஸ் 2. ஆள் சப்ளை பண்ற கம்பெனி மூலமா வந்தவங்க நெலமை இன்னும் மோசம். மணிக்கணக்குல வாடகைக்கு விட்ட ஆளுங்க, கான்கிரீட் வண்டி வரலன்னா நிழல் தேடி உக்காந்திருப்பாங்க, அந்த நேரத்துக்கு காசு கெடையாது. அவங்க தலைக்கு நாங்க குடுக்குற ரேட்டு எனக்குத் தெரியும், அதுல பாதி கூட அவங்க கைக்குப் போகல.

மதிய பிரேக் 2005ல வந்துச்சு, இப்போ ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் 12.30 டு 3 வெயில்ல வேலை வாங்கக் கூடாது. நல்ல ரூல், கொற சொல்ல மாட்டேன். ஆனா கேம்புக்கா போக முடியும்? ஸ்லாப் அடியில அட்டைய விரிச்சு படுத்துக்கணும், விட்ட நேரம் சாயங்காலம் நீண்டுக்கும்.

இவ்ளோத்தையும் ஏன் பொறுத்துக்கிட்டாங்கன்னா கடன்தான். இந்தியால ஏஜென்ட் இப்போ 30,000 ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு, நான் பாத்த பல பேரு அப்பவே லட்சம் குடுத்துட்டு வந்தவங்க. சிவகங்கை பக்கத்து ஸ்டீல் ஃபிக்ஸர், கம்பி கட்டுற அண்ணன் ஒருத்தர் சொல்லுவாரு, "மொத வருசம் வட்டிக்காரனுக்கு தம்பி, ரெண்டாவது வருசம் அசலுக்கு, அதுக்கப்புறம்தான் நான் சம்பாதிக்கிறேன்." பாஸ்போர்ட்டோ ஆபீஸ் லாக்கர்ல, அத புடிச்சு வெக்கிறது சட்டப்படி தப்புன்னாலும் யாரு போய் கேக்குறது. 2007ல டாலர் எறங்குச்சு, திர்ஹாம் மதிப்பு அதோட கட்டிப் போட்டது, ஒரு திர்ஹாம் 12 ரூபாய்க்கு மேல இருந்தது 11க்கும் கீழ வந்துடுச்சு. சம்பளம் அப்படியே இருக்கு, ஊருக்குப் போற பணம் மட்டும் கொறையுது.

யூனியன் வெக்க முடியாது, ஸ்ட்ரைக் பண்ணா ஊருக்கு ஏத்தி அனுப்பிடுவாங்க, அப்படி இருந்தும் 2006 மார்ச்ல இப்போ புர்ஜ் கலீஃபான்னு சொல்ற கட்டடத்தோட சைட்லயே கார், ஆபீசெல்லாம் ஒடைஞ்சுது, 2007 கடைசில ஆயிரக்கணக்குல ஆளுங்க வேலைய நிறுத்தினாங்க. 2010 ஜனவரில அதே கட்டடம் 828 மீட்டர்னு வாணவேடிக்கையோட திறந்தாங்க.

நடுவுல 2009ல சம்பளம் பேங்க் மாதிரி இடங்க வழியா, பதிவாகித்தான் போகணும்னு டபிள்யூபிஎஸ்ங்கிற சம்பளப் பாதுகாப்பு முறைய கொண்டு வந்தாங்க. மாசக்கணக்குல சம்பளத்த இழுத்தடிக்கிறது எங்க கம்பெனில நிஜமாவே கொறைஞ்சுது. ஆனா அதுக்குத் தெரியிறது காசு போச்சா இல்லையான்னு மட்டும்தான், எத்தனை மணி நேரம் வேலை பாத்தாங்கன்னு எழுதுறது அப்பவும் சைட் ஆபீஸ்லதான். மாசக் கடைசி ஆனா ஹெட் ஆபீஸ்ல இருந்து போன் வரும், "ஓவர் டைம் பட்ஜெட்ட தாண்டுது, கொஞ்சம் பாத்து அனுப்புங்க"ன்னு.