எல்வி பாத்தீங்களான்னு ரெண்டாவது தடவ கேட்டது

நான் கேட்ட கேள்வி இவ்வளவுதான். "அண்ணே, எல்வி பாத்தீங்களா?" எல்வின்னா லாஸ்ட் வெஹிகிள், இதுதான் வண்டியோட கடைசிப் பெட்டின்னு காட்டுற அடையாளம். ஸ்டேஷன் மாஸ்டர் வேலைல இருக்குறவங்க ஒவ்வொரு டூட்டிலயும் கேக்குற கேள்வி, நம்மகிட்டயும் கேக்குற கேள்வி. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் உடனே "பாத்தேன்"னு சொல்லியிருந்தா நான் மறந்தே போயிருப்பேன். ஆனா போன்ல ஒரு ரெண்டு செகண்ட் சத்தமே இல்ல, அதுக்கப்புறம்தான் "பாத்தேன்ப்பா, பிஎன் எழுதிக்கோ"ன்னார். பிஎன்னா பிரைவேட் நம்பர், சொன்னதுக்கு அத்தாட்சியா கொடுக்குற நம்பர். நான் எழுதிக்கல. திரும்ப கேட்டேன். இத்தன வருஷம் ஆகியும் அந்த ரெண்டாவது தடவ கேட்டதுதான் மனசுல நிக்குது.

அன்னிக்கு நைட்டு மழை, விடாம இடி. ஒரு கூட்ஸ் என் ஸ்டேஷன தாண்டிப் போச்சு. வால் லைட்டு பிளிங்க் ஆகிட்டே போனத நானே நின்னு பாத்தேன், என்கிட்ட இருந்து போகும்போது வண்டி முழுசாத்தான் போச்சு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அடுத்த ஸ்டேஷன்ல அதுக்கு மெயின்ல ரன் த்ரூ, அதாவது நிக்காம போகணும். அங்கயும் தாண்டிப் போச்சுன்னு அந்த ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லிட்டார், ஆனா ரெண்டு ஸ்டேஷனுக்கும் நடுவுல இருக்குற செக்‌ஷன்ல வண்டி இருக்கா இல்லையான்னு காட்டுற பிளாக் கருவி மட்டும் ட்ரெயின் ஆன் லைன்லயே நிக்குது, ஆக்சில் கவுண்ட்டர் செக்‌ஷன்ல வண்டி இருக்குன்னே காட்டிக்கிட்டிருக்கு. பின்னாடி ஒரு எக்ஸ்பிரஸ் வந்து என் மெயின்ல நின்னாச்சு. வண்டிங்க ஓட்டத்த பாத்துக்குற கண்ட்ரோலர் லைன்ல வந்து "என்ன சார், என்ன சார்"னு கேட்டுக்கிட்டே இருக்கார்.

இந்த வேலைல இல்லாதவங்களுக்காக ஒண்ணு சொல்லிடுறேன். ஆக்சில் கவுண்ட்டர்ங்கறது வண்டிய பாக்குறதில்ல, சக்கரத்த எண்ணுது. தண்டவாளத்துல ஒரு பக்கம் அனுப்புற காயில், இன்னொரு பக்கம் வாங்குற காயில், நடுவுல சக்கரம் போகும்போது சிக்னல் மாறும், அத எண்ணும். உள்ள போனது எத்தன, வெளிய வந்தது எத்தன, ரெண்டும் சரியா இருந்தாதான் செக்‌ஷன் காலின்னு சொல்லும். ஒண்ணு குறைஞ்சாலும் கூடினாலும் வண்டி இருக்குன்னுதான் காட்டும். இடி மின்னல்ல கவுண்ட்டு தப்புறது எங்களுக்கு புதுசு இல்ல. அதே சமயம் பின்னாடி ரெண்டு வேகன் கழண்டு செக்‌ஷன்ல நின்னாலும் அது இதையேதான் காட்டும். மின்னலா வேகனான்னு அதுக்கு பிரிச்சு சொல்லத் தெரியாது. அத சொல்ல வேண்டியது கடைசி வண்டில இருக்குற எல்வி போர்டையோ ராத்திரில அந்த சிவப்பு லைட்டையோ கண்ணால பாத்த மனுஷன்தான்.

அந்த மனுஷன் அன்னிக்கு இந்த அண்ணன். எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர். சிக்னல் பேனல்ல உக்காந்து பயந்து நடுங்கின காலத்துல பக்கத்துல நின்னு "அவசரப்படாத தம்பி, வண்டி லேட்டானா பதில் சொல்லிக்கலாம்"னு சொன்னவர். அவர்கிட்டதான் நான் அன்னிக்கு அவசரப்படாம இருந்தேன்.

எங்க செக்‌ஷன்ல ஆக்சில் கவுண்ட்டர ரீசெட் பண்ண, அதாவது எண்ணிக்கைய திரும்ப சைபர்லேந்து ஆரம்பிக்க, ரெண்டு முனையும் ஒத்துழைக்கணும். வண்டி முழுசா வந்துச்சுன்னு அவர் சொல்லி, பிரைவேட் நம்பர் கொடுத்து, நான் என் பக்கம் செய்ய வேண்டியத செஞ்சா ரீசெட் ஆகும், ரீசெட் பெட்டில எத்தனாவது தடவன்னு காட்டுற நம்பர் ஒண்ணு ஏறும், ரிஜிஸ்டர்ல எழுதணும். பிரைவேட் நம்பர்னா ஒண்ணும் இல்ல, அச்சடிச்ச தாள்ல வரிசை இல்லாம இருக்குற ரெண்டு இலக்க நம்பர், ஒரு தடவ கொடுத்தா அடிச்சிடணும். பேசுறது உண்மையிலேயே அந்த ஸ்டேஷன் மாஸ்டர்தான், இன்ன விஷயத்த சொன்னது நிஜம்னு அது நிரூபிக்கும். ஆனா அவர் ஜன்னலுக்கு வெளிய எட்டிப் பாத்தாரான்னு அந்த நம்பருக்கு தெரியாது. இது எனக்கு அன்னிக்கு நைட்டுதான் உறைச்சுச்சு, அதுவரைக்கும் பிஎன் வாங்கிட்டா எல்லாம் வாங்கின மாதிரின்னு இருந்தேன்.

ரெண்டாவது தடவ கேட்டப்ப அவர் குரல் மாறிடுச்சு. "என்னப்பா, நம்ப மாட்டியா?"

"அப்படி இல்லண்ணே, வால் லைட்டு எரிஞ்சுச்சா?"

"வண்டி ஃபுல் ஸ்பீடுல போச்சு. பிரிஞ்சிருந்தா ஏர் போயி அங்கயே நின்னிருக்கும்ல, உனக்கு தெரியாதா?"

தெரியும். இதுவும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். வண்டி பிரிஞ்சா பிரேக் பைப்பு பிரியும், காத்து வெளியேறும், முன்பாதி பின்பாதி ரெண்டுமே தானா பிரேக் பிடிச்சு நிக்கும். நூத்துக்கு தொண்ணூத்தொம்பது இடத்துல அப்படித்தான் நடக்கும். ஆனா நடுவுல எங்கயாவது ஆங்கிள் காக், அதாவது பிரேக் பைப்புல இருக்குற வால்வு, மூடியிருந்தா அதுக்கு பின்னாடி பிரியுறது முன்னாடி இஞ்சினுக்கு தெரியாம போகலாம். தவிர, அவர் சொன்னது என் கேள்விக்கு பதிலும் இல்ல. எல்வி பாத்தீங்களான்னு கேட்டா வேகத்த பத்தி சொல்றாரேன்னு அந்த நிமிஷம் எனக்கு தோணிச்சு. இப்ப யோசிச்சா, கோவம் வந்த மனுஷன் எதையாவது சொல்லி வாதாடத்தானே செய்வார், அத வச்சு பாக்கலன்னு எப்படி முடிவு பண்றதுன்னும் தோணுது.

நான் சொன்னேன், "அண்ணே, கார்ட வாக்கி டாக்கில பிடிச்சு கேளுங்க, இல்லன்னா அடுத்த ஸ்டேஷன்ல எல்வி பாத்து சொல்லட்டும், அதுவரைக்கும் நான் ரீசெட்டுக்கு வரல." (2022ல இருந்து கார்ட ட்ரெயின் மேனேஜர்னு சொல்லணும், எங்களுக்கு வாய்ல இன்னும் கார்டுதான்.) அவர் ஒண்ணும் பேசல, போன வச்சிட்டார். கார்டு ரேஞ்ச தாண்டிப் போயிட்டார். வண்டி அவர் ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷன தாண்டுற வரைக்கும் எக்ஸ்பிரஸ் என்கிட்டயே நின்னுச்சு. அங்க இருந்தவர் பாத்து, வால் லைட்டோட வண்டி முழுசா இருக்குன்னு சொன்னார். அதுக்கப்புறம் அண்ணன் பிஎன் கொடுத்தார், நான் எழுதினேன், ரீசெட் ஆச்சு, எக்ஸ்பிரஸ் போச்சு. எக்ஸ்பிரஸ் நின்ன டிடென்ஷனுக்கு ரெண்டு பேர்கிட்டயும் விளக்கம் கேட்டாங்க, கொடுத்தோம், அது பெருசா ஒண்ணும் ஆகல.

அதுக்கப்புறம் அவர் என்கிட்ட டூட்டி பேச்சு மட்டும்தான் பேசினார். அடுத்த வண்டிய அனுப்பலாமான்னு லைன் கிளியர் கேப்பார், கொடுப்பார், நம்பர் சொல்வார். தம்பின்னு கூப்பிடறது நின்னு சார்னு ஆச்சு.

நான் செஞ்சது சரின்னுதான் இப்பவும் சொல்வேன். பிளாக் சிஸ்டமே எதுக்கு வந்துச்சுன்னு பாருங்க. இரும்பு மேல இரும்பு ஓடுது, பிடிமானம் கம்மி, கண்ணுல பட்டதுக்கப்புறம் பிரேக் போட்டா வேகமா வர்ற வண்டி நிக்காது, அதனால டிரைவர் கண்ண நம்பாம ஒரு செக்‌ஷனுக்கு ஒரு வண்டின்னு வச்சாங்க. லைன் கிளியர் கொடுக்கறதுக்கு முன்னாடி முதல் ஸ்டாப் சிக்னல் வரைக்கும் காலியா இருந்தா பத்தாது, அதையும் தாண்டி மூணு இல்ல அதுக்கு மேல நிலை காட்டுற மல்டிபிள் ஆஸ்பெக்ட் சிக்னல்ல 180 மீட்டர், ரெண்டே நிலை காட்டுற பழைய டூ ஆஸ்பெக்ட்டுல 400 மீட்டர் காலியா இருக்கணும்னு ரூல். டிரைவர் கொஞ்சம் தவறினாலும் அந்த தூரம் காப்பாத்தட்டும்னு ஏற்கெனவே ஒதுக்கி வச்சிருக்காங்க. அந்த அளவுக்கு சந்தேகப்பட்டு எழுதின புத்தகம் அது. அதுல முன்னாடி போன வண்டி "முழுசா" வந்து சேந்துச்சான்னு ஒரு வரி இருக்கு, அந்த வரி சும்மா வரல.

அயர்லாந்துல ஆர்மான்னு ஒரு ஊர், 1889 ஜூன் 12. ஏத்தத்துல ஒரு எக்ஸ்கர்ஷன் வண்டி இழுக்க முடியாம நின்னுடுச்சு. ரெண்டா பிரிச்சு முன்பாதிய அடுத்த ஸ்டேஷன்ல விட்டுட்டு வரலாம்னு முடிவு பண்ணி, பின்னாடி பத்து பெட்டிய ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்துக்கு அடில கல்லும் வச்சு நிறுத்தினாங்க. கழட்டினதும் பெட்டில பிரேக் இல்ல, அந்தக் காலத்து வேக்குவம் பிரேக் அப்படி. முன்பாதி லேசா பின்னாடி இடிச்சது, கல்லு தாங்கல, பத்து பெட்டியும் இறக்கத்துல ஓடுச்சு. பின்னாடி இவ்வளவு நிமிஷம் ஆச்சுன்னு கணக்கு வச்சு அனுப்பின இன்னொரு வண்டி ஏறி வந்துகிட்டிருந்துச்சு. 80 பேர் செத்தாங்க, அதுல நிறைய குழந்தைங்க. அதே வருஷம் அங்க சட்டம் போட்டு பிளாக்கும், பாயிண்ட்டும் சிக்னலும் முரணா போகாதபடி பூட்டுற இன்டர்லாக்கிங்கும், தானா பிடிக்குற பிரேக்கும் கட்டாயம்னாங்க. அண்ணன் சொன்னாரே, பிரிஞ்சா ஏர் போயி நின்னிருக்கும்னு, அந்த பிரேக் கட்டாயமானதே பிரிஞ்சு ஓடின பெட்டியாலதான். அவர் சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு, நான் கேட்டதுலயும் இருந்துச்சு.

நல்ல ஆளுக்கு தப்பு வராதுன்னு யாராவது சொன்னா எனக்கு உடனே 1915 குவின்டின்ஷில்தான் ஞாபகம் வரும். ஸ்காட்லாந்து. டூட்டி மாத்த வந்த சிக்னல்மேன் ஒரு லோக்கல் வண்டில ஏறி வந்து இறங்கினார். அந்த வண்டி கேபினுக்கு பக்கத்துலயே மெயின் லைன்ல நிக்குது. அவர் வந்த வண்டியவே மறந்துட்டு அதே லைன்ல ராணுவ வண்டிக்கு சிக்னல் எடுத்துட்டார். லைன்ல வண்டி நிக்குதுன்னு ஞாபகப்படுத்த லிவர்ல மாட்டுற ஒரு வளையம் உண்டு, அதையும் மாட்டல. 200க்கும் மேல உயிர் போச்சு. தான் ஏறி வந்த வண்டிய ஒருத்தர் மறக்க முடியும்னா, கொட்டுற மழைல எட்டு வேலைக்கு நடுவுல தாண்டிப் போன ஒரு சிவப்பு லைட்ட பாத்தமா இல்லையான்னு குழம்பறது எவ்வளவு சுலபம். நான் அவர கேட்டது அவர் மோசமான ஆளுன்னு இல்ல. எல்லாருக்கும் நடக்கும்ங்கறதாலதான்.

இதெல்லாம் சரி. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு, அதுதான் என்ன விடமாட்டேங்குது.

வண்டி முழுசா வந்துச்சான்னு பாக்குற பொறுப்பு வாங்குற ஸ்டேஷனோடது. எல்வி இல்லன்னா அவர்தான் அடுத்த ஸ்டேஷனுக்கு நிறுத்தி பரிசோதிக்க சொல்லணும். அவர் பிஎன் கொடுத்துட்டா அவர் பொறுப்பு எடுத்துக்கிட்டார்னு அர்த்தம். அத வாங்க மாட்டேன்னு சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? சந்தேகம் வந்தா பாதுகாப்பான வழிய எடுன்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க, அத பிடிச்சுக்கிட்டேன். ஆனா என் சந்தேகத்துக்கு ஆதாரம் ஒரு ரெண்டு செகண்ட் மௌனம், அவ்வளவுதான். அந்த ரெண்டு செகண்ட்ல பக்கத்துல கேட் போன் அடிச்சிருக்கலாம், பாயிண்ட்ஸ்மேன் ஏதோ கேட்டிருக்கலாம், இல்ல உண்மையிலேயே கண்ண மூடி அந்த லைட்ட மனசுல திரும்ப பாத்துட்டு பொறுப்பா பதில் சொல்லியிருக்கலாம். பட்டுனு சொல்ற பதில நம்பிட்டு, யோசிச்சு சொன்ன பதில நம்பாம விட்டேனோ?

கருவிங்கள அப்படித்தான் செஞ்சிருக்காங்க. ரிலேன்னு ஒரு மின் சுவிட்ச், அதுக்கு கரண்ட் போச்சுன்னா விழும், சிவப்பு வரும். சந்தேகம்னா வண்டி இருக்குன்னு எடுத்துக்கோ. நான் அந்த மௌனத்த விழுந்த ரிலே மாதிரி எடுத்துக்கிட்டேன். ஆனா ரிலேவ சந்தேகப்பட்டா ரிலேக்கு வலிக்காது.

வண்டி முழுசா இருந்துச்சே, அப்ப அவர் சொன்னதுதானே நிஜம், நீ கேட்டது வீண்தானேன்னு கூட வேலை செஞ்சவங்க சொன்னாங்க. அத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். வண்டி முழுசா இருந்துச்சுங்கறது அவர் பாத்தார்ங்கறதுக்கு சாட்சி இல்ல. பாக்காம சொல்லியிருந்தாலும் வண்டி முழுசாத்தான் இருந்திருக்கும். எங்க வேலைல இதுதான் பெரிய கஷ்டம், பாத்து சொன்னவனுக்கும் பாக்காம சொன்னவனுக்கும் பெரும்பாலான ராத்திரில ஒரே முடிவுதான் வரும்.

அதுக்கப்புறம் நான் எல்லார்கிட்டயும் கேக்க ஆரம்பிச்சேன், சீனியர் ஜூனியர் பாக்காம. ஒருத்தர்கிட்ட மட்டும் கேட்டாதானே அவமானம், எல்லார்கிட்டயும் கேட்டா வழக்கம்னு நினைச்சேன். கொஞ்ச நாள்ல என்ன ஆச்சுன்னா, நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள "பாத்தாச்சு சார்"னு வந்துடும். சில பேர் நான் கேக்காமலே சொல்லிடுவாங்க. அதுல பாத்தது எத்தன பேர்னு எனக்கு தெரியாது. அப்புறம் கேள்விய மாத்தினேன், "எந்தப் பக்கம் நின்னு பாத்தீங்க, லைட்டு பிளிங்க் ஆச்சா"ன்னு. இதுக்கு கொஞ்ச பேர் நிஜமாவே யோசிச்சு சொல்றாங்க, கொஞ்ச பேர் கோவப்படுறாங்க. ஜாஸ்தியா கோவப்படுறது நல்லா வேலை செய்யுறவங்கதான்.

இப்ப கடைசி வேகன்லயே கருவி மாட்டி, பிரேக் பைப்புல காத்து இருக்கான்னு இஞ்சினுக்கே தெரியுற மாதிரி வருது. அது பரவலா வந்துட்டா இந்தக் கேள்வி பாதி குறையும். வரட்டும், நல்லது.

அண்ணன் ரிட்டயர் ஆகிட்டார். நம்பர் என் போன்ல இருக்கு. நேரா கேட்டா இப்ப சொல்லிடுவார்னு கூட தோணும், அன்னிக்கு நிஜமாவே பாத்தீங்களான்னு. பாத்தேன்னு சொன்னார்னா, அன்னிக்கு நம்பாதவன் இன்னிக்கு எத வச்சு நம்பறது. பாக்கலப்பான்னு சொன்னார்னா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வரும், நான் செஞ்சது சரின்னு. எனக்கு சொல்லிக் கொடுத்தவர் தப்பு பண்ணினத கேட்டு வர்ற நிம்மதி எனக்கு வேண்டாம்னு இதுவரைக்கும் கூப்பிடல.