காய்ந்த குச்சியில் கிடைத்த இலைப்பேன்

வீட்டுக்குள் நுழைந்ததும் மெமரி கார்டைத்தான் முதலில் செருகினேன். இருக்கிறது! கன்னங்கரேலென்று ஒரு இலைப்பேன், வயிற்றின் நுனியில் குழாயோடு.

பூக்களில் இலைப்பேன் படமெடுக்கக் கிளம்பி ஏறிய பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. அடுத்த வண்டியில் கேமராப் பையை நெஞ்சோடு அணைத்து நின்றபடியே போய்ச் சேர்ந்தால், வெயில் ஏறிக் காற்றும் கிளம்பியிருந்தது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பூச்சியை நாலைந்து மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது, பூ இம்மி அசைந்தாலும் ஆள் படத்தை விட்டே போய்விடும். பூவைத் தட்டி வெள்ளைத் தட்டில் விழவைத்தேன். மஞ்சள் கீற்றுகளாக ஏழெட்டு ஓடின. ஃபோகஸ் செய்வதற்குள் பறந்தன. காலை முழுக்க இதே கதை. விடியற்காலையில் போகாமல் பூக்களை நம்பவே கூடாது.

சலித்துப்போய் மரத்தடியில் உட்கார்ந்தபோதுதான் உதிர்ந்து கிடந்த குச்சிகள் கண்ணில் பட்டன. இலைப்பேன் என்றால் பயிரை உறிஞ்சும் என்று மட்டும் நினைக்கிறோம். 6,000-க்கு மேற்பட்ட இனங்களில் காய்ந்த கிளையில் பூஞ்சை தின்று வாழ்பவை ஏராளம். குச்சியைத் தட்டில் தட்டினேன். கறுப்பாக மூன்று விழுந்தன! அவை நிதானமாக நடப்பவை. ஒன்றைத் திரும்பக் குச்சியிலேயே ஏற்றி, பையின் மறைவில் காற்றுப் படாமல் வைத்தேன். தூரிகை நுனி பட்டதும் தேள் மாதிரி வாலைத் தூக்கியது பாருங்கள், எனக்குக் கை நடுங்கிவிட்டது. மேக்ரோ லென்ஸ் வாங்க வசதியில்லை. பழைய லென்ஸைத் தலைகீழாக மாட்டி, ஃபிளாஷுக்கு முன் வெள்ளைத் தாள் கட்டித்தான் எடுத்தேன். நூற்றுக்கும் மேல் எடுத்ததில் ஆறு தேறின.

இறக்கைகள் முதுகில் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்திருக்கின்றன, வயிற்று நுனியில் குழாய்: இலைப்பேன்களின் இரு பிரிவுகளில் ஒன்றான ட்யூபுலிஃபெரா. இன்னொரு பிரிவான டெரிபிரான்ஷியாவில் இறக்கைகள் பக்கம்பக்கமாகக் கிடக்கும், பெண்ணுக்கு முட்டையிட ரம்பம் போன்ற உறுப்பு இருக்கும். படத்தை வைத்து இவ்வளவுதான் நான் சொல்வேன். மங்கலான படத்தின் கீழ் துணிந்து இனப்பெயர் எழுதுகிறவர்களைக் கண்டால் எரிச்சலாக வருகிறது. உணர்கொம்பின் கணுக்களையும் உடல் முடிகளையும் ஸ்லைடில் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் எண்ண வேண்டாமா?

திரும்பும்போது வாடகை வண்டிக்காரர் இருமடங்கு கேட்டார். லென்ஸுக்குச் சேர்த்ததிலிருந்துதான் கொடுத்தேன். மூன்று இலைப்பேன்களும் ஆல்கஹால் குப்பியில், தேதியும் இடமும் எழுதிய சீட்டோடு மேசைமேல் இருக்கின்றன. ஸ்லைடு போடக் கற்றுக்கொள்ள வேண்டும்.