ஏற்காட்டுக் களத்தில் ஒரு செம்பட்டைத் தலையன்

என் தாய்மாமா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக வேலை பார்த்தார். அரையாண்டு விடுமுறை விட்டதும் அம்மாப்பேட்டையிலிருந்து என்னை மலைக்கு அனுப்பிவிடுவார்கள். அது பழம் பறிக்கும் பருவம் என்பதால், பகலெல்லாம் ஆட்களுக்குப் பேர் போடுவதும் மூட்டைகளுக்கு எடை போடுவதுமாக மாமா ஓடிக்கொண்டிருப்பார். இரவில், களத்தில் காயப்போட்டிருந்த கொட்டையின் மீது பனி இறங்காதபடி தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, குடியிருப்புத் திண்ணையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, டேப் ரிக்கார்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். வில்லி நெல்சன் என்ற அமெரிக்கப் பாடகரின் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' என்ற இசைத்தொகுப்பை நான் முதன்முதலில் கேட்டது அந்தத் திண்ணையில்தான்.

அந்த ஒலிநாடாவை அவருக்குக் கொடுத்தவர் தோட்டத்து உரிமையாளரின் தாயார். தொழிலாளர்கள் அவரைத் தொரசாணியம்மா என்றே அழைத்தார்கள். டிசம்பர் மாதம் முழுவதும் அவருடைய பங்களாவில் அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் இசைத்தட்டில் பாடிக்கொண்டிருப்பார். ஏற்காட்டில் கிறிஸ்துமஸ் குளிரையும் ஜிம் ரீவ்ஸின் அடிக்குரலையும் பிரித்துப் பார்க்க இன்றுவரை என்னால் முடிவதில்லை. அந்த அம்மையார் தம்மிடமிருந்த வில்லி நெல்சன் இசைத்தட்டை நாடாவில் பதிந்து மாமாவுக்குக் கொடுத்ததோடு, அதில் வரும் கதையையும் ஒருநாள் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார். மாமாவுக்குக் கணக்கெழுதும் அளவுக்கு ஆங்கிலம் தெரியுமே தவிர, டெக்சாஸ்காரர் ஒருவர் வாய்க்குள்ளேயே பாடுவதைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரியாது. ஆகவே அவர் கேட்ட கதையை நினைவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் நாடாவை நிறுத்தி, அடுத்து நடக்கப்போவதை எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு மறுபடி ஓடவிடுவார். சேலத்துப் பக்கம் மாரியம்மன் பண்டிகைக்கு விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர் அவர். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வசனம் வருவதுதான் முறை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

கதை இதுதான். 1901-ஆம் ஆண்டில் ஒரு போதகர் தம் மனைவியை மிகவும் நேசிக்கிறார். அவளோ தன் பழைய காதலனோடு போய்விடுகிறாள். அவர் நம்ப மறுக்கிறார், புலம்புகிறார், பிறகு குதிரை ஏறித் தேடிப்போய், அவர்கள் இருவரையும் ஒரு மதுக்கடையில் கண்டு சுட்டுக் கொல்கிறார். அதன்பின் கறுப்புக் குதிரை ஒன்றில் தாம் ஏறிக்கொண்டு, மனைவியின் குதிரையைப் பக்கத்தில் நடத்தியபடி ஊர் ஊராகத் திரிகிறார். செம்பட்டைத் தலையுடைய அந்த அந்நியனைக் கண்டால் ஒதுங்கிப் போங்கள் என்று ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்கிறார்கள். நெடுங்காலம் கழித்து, வேறொரு பெண்ணின் துணையில் அவர் மனம் அடங்குகிறது.

"பாதிரியாருக்கு ஏது மாமா பொண்டாட்டி?" என்று முதல் நாளே கேட்டேன். ஏற்காட்டில் நான் பார்த்த பாதிரியார்கள் எல்லாம் வெள்ளை அங்கி அணிந்த கத்தோலிக்கத் துறவிகள். "அந்த ஊர்ல கட்டிக்குவாங்க மாப்ள, நீ கதையைக் கேளு" என்றார் மாமா.

பல ஆண்டுகள் கழித்து, ஆங்கிலம் ஓரளவு பிடிபட்ட பிறகு, அந்தத் தொகுப்பை நடுவில் நிறுத்தாமல் முழுவதுமாகக் கேட்டபோது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது. மாமா சொன்ன கதையில் பாதி அதில் இல்லை. அந்த மனைவிக்கு ஒரு பெயர் இருந்ததாகவும், அவள் வாசலில் கோழி வளர்த்ததாகவும், போதகர் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்ததால் அவள் தனித்துக் கிடந்ததாகவும் மாமா சொல்லியிருந்தார். பாடல்களில் அவற்றுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. 15 தடங்கள், மொத்தம் 33 நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலான நேரம், அதிலும் பல தடங்கள் சொல்லே இல்லாத வெறும் வாத்திய இசை. வில்லி நெல்சன் கதையின் எலும்பை மட்டும் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துவிட்டார். மாமா தமக்குத் தெரிந்த வாழ்க்கையிலிருந்து எடுத்து அந்த இடைவெளிகளை நிரப்பிக்கொண்டார். அந்த இடைவெளிகள்தான் இந்தத் தொகுப்பின் உயிர் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தக் காலத்தில் இப்படியொரு தொகுப்பைச் செய்வது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பதை உணர, ஜிம் ரீவ்ஸுக்கே திரும்ப வேண்டும். அவருடைய பாடல்களை ஆர்.சி.ஏ. இசைத்தட்டு நிறுவனத்துக்காகத் தயாரித்த செட் அட்கின்ஸ், நாட்டுப்புறத்துக் கரகரப்பை மட்டுப்படுத்தி, வயலின் வரிசைகளையும் பின்னணிக் குழுக்குரல்களையும் சேர்த்து, நகரத்து வீடுகளும் விரும்பிக் கேட்கும்படியான ஒரு மெருகைக் கொடுத்தார். கண்ட்ரி எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற இசைக்குத் தலைமையிடமான நாஷ்வில் நகரை வைத்து 'நாஷ்வில் பாணி' என்று பெயர் பெற்ற அந்த மெருகு ஜிம் ரீவ்ஸின் குரலுக்குப் பட்டுப்போல் பொருந்தியது. அதே செட் அட்கின்ஸ் 1960-களில் வில்லி நெல்சனையும் அதே நிறுவனத்துக்காகப் பாடவைத்தார். நெல்சனுக்கு அது பொருந்தவில்லை. பாடகி பேட்ஸி கிளைன் 1961-இல் பாடிப் புகழ்பெற்ற 'கிரேஸி' போன்ற பாடல்களை எழுதியவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. பாடகர் என்ற பெயர் மட்டும் வந்து சேரவில்லை. நாஷ்வில் அருகே இருந்த அவருடைய வீடு தீப்பிடித்து எரிந்த பிறகு, சொந்த மாநிலமான டெக்சாஸுக்கே திரும்பி, ஆஸ்டின் நகரில் தலைமுடியை வளர்த்துக்கொண்டு, இளைஞர் கூட்டத்துக்கு நடுவே பாடத் தொடங்கினார்.

கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டபோது, தம் தொகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமையை அவர் கேட்டு வாங்கினார். 1975 சனவரியில், டல்லாஸுக்கு அருகிலுள்ள கார்லண்டில் ஆட்டம் சவுண்ட் என்ற பதிவுக்கூடத்தில், ஒரு சில நாட்களிலேயே வேலை முடிந்துவிட்டது. அவருடைய அக்கா பாபி நெல்சன் பியானோ, மிக்கி ராஃபேல் மவுத் ஆர்கன், பால் இங்கிலிஷ் டிரம், பீ ஸ்பியர்ஸ் பேஸ் கிதார் என்று, அவரோடு ஊர் ஊராகச் சுற்றும் சிறு குழுவே வாசித்தது. முடிந்த பதிவைக் கேட்ட நிறுவனத்து மேலாளர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இது மாதிரிக்குப் பதிந்த பதிவு, இனிமேல்தான் வயலின்களும் மற்றவையும் சேர்க்கப்படும் என்று அவர்கள் எண்ணினார்கள். சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றதும் தயங்கினார்கள். ஆனால் ஒப்பந்தம் நெல்சன் பக்கம் இருந்ததால், அந்த ஆண்டு மே மாதம் தொகுப்பு அப்படியே வெளியானது.

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. கண்ட்ரி இசைத்தொகுப்புகளின் பட்டியலில் அது முதலிடத்தைப் பிடித்தது. அதிலிருந்த 'புளூ ஐஸ் கிரையிங் இன் தி ரெய்ன்' பாடல், 42 வயதில், பாடகராக நெல்சன் பெற்ற முதல் முதலிடப் பாடலாகி, கிராமி விருதையும் வாங்கிக்கொடுத்தது. 1986-க்குள் தொகுப்பு 20 லட்சம் பிரதிகளுக்கான சான்றிதழைப் பெற்றது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் காத்துவைக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில், 2009-ஆம் ஆண்டுக்கான தேர்வுகளில் இதையும் சேர்த்தது.

அந்த ஒரு பாடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது இந்தக் கதைக்காக எழுதப்பட்டதே அல்ல. ஃப்ரெட் ரோஸ் எழுதி, ராய் அகஃப் 1940-களிலேயே பாடிப் பதிவுசெய்த பழைய பாடல் அது. மழையில் விடைபெற்றுப் பிரிந்த காதலியை முதுமையில் நினைத்து ஏங்கும் ஒருவன், மறுமையில் அவளைச் சந்திப்பேன் என்று பாடுகிறான். தனியாகக் கேட்டால் எந்தக் காதலனும் பாடக்கூடிய பாட்டு. ஆனால் நெல்சன் அதை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். போதகர் தம் மனைவியைச் சுட்டுக் கொன்ற தடம் முடிந்த மறுகணமே அது தொடங்குகிறது. தம் கையாலேயே கொன்ற பெண்ணை நினைத்து, அழுத அவள் கண்களை ஒருவர் பாடுகிறார். ஒரு சொல்லையும் மாற்றாமல், இடத்தை மட்டும் மாற்றியதால், இனிய காதல் பாட்டு தாங்க முடியாத பாட்டாகிவிடுகிறது. சங்க அகப்பாடல்களின் கீழே 'தலைவன் கூற்று', 'தோழி கூற்று' என்று ஒரு வரி இருக்கும் அல்லவா? பாட்டை யார், எந்த நிலையில் சொல்கிறார் என்பது தெரிந்தபின் அதே சொற்கள் வேறு பொருள் கொள்வதைத் தமிழ் படித்தவர்கள் நன்கு அறிவார்கள். நெல்சன் செய்தது அந்தக் கூற்றை மாற்றியதுதான்.

அந்தப் பாடலில் குரலுக்குத் துணையாக முன்னால் நிற்பது அவருடைய கிதார். மார்ட்டின் நிறுவனத்தின் நைலான் நரம்பு கிதார் அது. இரும்புத் தந்தியின் கணீரென்ற ஒலி அதில் வராது. மரப்பெட்டியை விரலால் தட்டினாற்போன்ற, சற்றே மங்கிய, உலர்ந்த ஒலிதான் வரும். விரலால் மீட்ட வேண்டிய அந்த வகைக் கிதாரில், நரம்பை மீட்டும் சிறு வில்லையான நகவில்லை பட்டுத் தேயாமல் காக்கும் தகடு இருப்பதில்லை. நெல்சனோ நகவில்லை கொண்டே அழுத்தி வாசிப்பவர் என்பதால், ஆண்டுக்கணக்கில் தேய்ந்து தேய்ந்து ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு துளையே விழுந்துவிட்டது. வீடு எரிந்தபோது அவர் உள்ளே போய் மீட்டுவந்த பொருள்களில் அதுவும் ஒன்று. அதற்கு அவர் வைத்த பெயர் டிரிகர், திரைப்பட நடிகர் ராய் ராஜர்ஸ் ஓட்டிய குதிரையின் பெயர். அந்த ஒலியை ஹெட்ஃபோனில் கேட்டால், ஒவ்வொரு நரம்பின் அதிர்வும் முழுவதுமாக அடங்கக் காத்திருந்து அடுத்ததைத் தொடுவது தெரியும். பாடும்போதும் அப்படித்தான். நாம் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால், சொல் வந்து விழும் முன்பே நம் கை விழுந்துவிடும். அவர் சற்றுத் தாமதித்து, பேச்சுவாக்கில் சொல்வதுபோல, வரி முடிவதற்குள் தாளத்தோடு வந்து சேர்ந்துகொள்வார்.

இந்தத் தொகுப்பில் எனக்கு மனத்தாங்கல் இல்லாமல் இல்லை. மனைவி சாகிறாள், பிறகு அவளுடைய குதிரையைத் தொட்டுவிட்ட குற்றத்துக்காக மஞ்சள் நிறக் கூந்தலுடைய இன்னொரு பெண்ணும் சாகிறாள். குதிரையைத் திருட வந்தவளைக் கொன்றதற்காக ஒருவனைத் தூக்கிலிட முடியாது என்று ஊரும் அவனை விட்டுவிடுகிறது. இரண்டு பெண்களுக்கும் ஒரு வரிகூடப் பேசக் கொடுக்கவில்லை. நம் நல்லதங்காள் கதையில், பசியால் வாடிய ஏழு குழந்தைகளோடு அவள் கிணற்றடிக்குப் போகும்போது, அவள் புலம்பலைத்தான் ஊரே உட்கார்ந்து கேட்கிறது. அவளுக்காகத்தான் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால்தான், மாமா அந்த மனைவிக்கு ஒரு பெயரையும் கோழிகளையும் தனிமையையும் கொடுத்திருக்கிறார் என்று இப்போது நினைக்கிறேன். நெல்சனின் குரல் அந்தக் கொலைகளை எங்கும் கொண்டாடவில்லை என்பது உண்மை. பாராட்டும் இல்லாமல், பழியும் இல்லாமல், நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறது. ஆனாலும் அந்தப் பெண்களின் இடத்தில் இருப்பது வெறும் மௌனம், அதை இரக்கத்தால் நிரப்புவதா என்பது கேட்பவர் பொறுப்பாகவே விடப்படுகிறது.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் கேட்பது, இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தை ஒட்டி வரும் ஒரு சிறிய வாத்தியத் தடம். 'நான் பாவிதான், ஆனாலும் நீர்' என்று தமிழ்ச் சபைகளில் பாடப்படும் ஞானப்பாட்டின் ஆங்கில மூலத்தை அங்கே பாபி நெல்சன் பியானோவில் வாசிக்கிறார். ஆலயத்தில் ஆராதனைக்கு வாசிப்பதைப்போல நேராக, அலங்காரமில்லாமல் வாசிப்பார். கொலைகாரரான ஒரு போதகரின் கதைக்கு நடுவே அந்தப் பாட்டுக்குச் சொல் தேவையில்லை என்று முடிவு செய்தவர்களை நான் வணங்குகிறேன். மாமா அந்த இடத்துக்கும் ஒரு வசனம் வைத்திருந்தார்.

அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று இப்போது மகள் வீட்டில், கன்னங்குறிச்சியில் இருக்கிறார். சென்ற மாதம் அவரைப் பார்க்கப் போனபோது, கைப்பேசியில் இந்தத் தொகுப்பை முதலிலிருந்து ஓடவிட்டு அவர் பக்கத்தில் வைத்தேன். பழைய கதையில் பலவும் அவருக்கு மறந்துபோயிருந்தது. மனைவிக்குத் தாம் வைத்த பெயரே நினைவில்லை என்றார். பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்காமல் ஓடின. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர், அந்தப் பியானோ தொடங்கியதும் கையை உயர்த்தி, "நிறுத்து" என்றார். நிறுத்தினேன்.

"இப்ப ஒரு கோயில் வருது மாப்ள. உள்ள ஜனங்க பாடுறாங்க. இவன் பாடச் சொல்லிக்கொடுத்த பாட்டு. குதிரையை விட்டு இறங்காம, ரோட்டுலயே நின்னு கேட்டுக்கிட்டு இருக்கான்."

சற்று நேரம் கழித்து, "சரி, இப்ப விடு" என்றார்.