பம்ப் ஸ்டவ், மூன்றாவது வாரம்: காற்று நிற்கிறது

நேற்று ராத்திரி 11 மணிக்கு மொட்டை மாடியில் ஒரு பக்கெட் தண்ணீருக்குள் காற்றடித்து எரிக்கும் பித்தளைக் கிருஷ்ணாயில் ஸ்டவ்வை முக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு குமிழ்கூட வரவில்லை. மூன்று வாரமாகப் பாடாய்ப் படுத்திய சாமான் ஒருவழியாகக் காற்றைப் பிடித்து நிற்கிறது.

கிடைத்த இடம் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு காயலான் கடை. கத்திரி வெயில் காலத்தில் வேட்டைக்குக் காலை 7 மணிக்குள் போய்விட வேண்டும். 9 மணிக்கு மேல் இரும்புக் குவியலில் கை வைக்க முடியாது. பேப்பர் மூட்டைக்கும் சைக்கிள் ரிம்முக்கும் நடுவே ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. இழுத்துப் பார்த்தால் டாங்கில் நசுங்கல் இல்லை, பர்னரும் இருக்கிறது. ஆசை முகத்தில் தெரிந்திருக்கும் போல, கடைக்காரர் 900 என்றார். குறைத்துக் கேட்டால், "இன்னாண்ணா, பித்தளை வெயிட்டே அவ்ளோ வருமே" என்கிறார். 650-க்கு முடிந்தது. பேரத்தில் நான் எப்போதுமே மட்டம்தான்.

புளி போட்டுத் தேய்த்த கதையை விட்டுவிடுகிறேன். பம்ப் அடித்தால் கை சும்மா போய் வந்தது. பம்ப்புக்குள் காற்றைத் தள்ளும் தோல் வாஷர் காய்ந்து கருவாடாகியிருந்தது. பெரியமேட்டுத் தோல் கடை ஒன்றில் துண்டுத் தோல் வாங்கி, வட்டமாக வெட்டி, ராத்திரி முழுக்கத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு, கிண்ணம் மாதிரி வளைத்து, அதன் வாய் டாங்க் பக்கம் பார்க்கிற மாதிரி மாட்டினேன். இப்போது பம்ப் இறுக்கமாக இருந்தது. பத்து அடி அடித்துவிட்டுக் கையை எடுத்தால், கைப்பிடி தானாக மெல்ல மேலே எழுகிறது!

இங்கேதான் முட்டாள்தனம். தோலைத்தான் சரியாக வெட்டவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு வாஷர் செய்தேன். இரண்டு வாரம் போனது. கைப்பிடி தானாக எழுந்தால் குற்றம் தோலில் இல்லை, பம்ப் குழாயின் அடியில் இருக்கும் என்.ஆர்.வி.யில். டாங்குக்குள் போன காற்று திரும்பி வராமல் தடுக்கும் குட்டி வால்வு அது. உள்ளே ஒரு ஸ்பிரிங், அதன் முனையில் மிளகு அளவுக்கு ஒரு ரப்பர். அந்த ரப்பர் கல்லாகியிருந்தது.

அதைக் கழற்ற நீளமான தனி ஸ்பேனர் வேண்டும். மூர் மார்க்கெட்டில் தேடலாம் என்று கிளம்பினேன். 1985-ல் எரிந்துபோன கட்டடம். கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் எங்கள் வீட்டில் இன்னும் அந்தப் பெயர்தான். ஸ்பேனர் கிடைக்கவில்லை, வேண்டாத ஒரு டார்ச் லைட் கிடைத்தது. கடைசியில் பழைய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் முனையை நடுவில் ராவி, இரண்டு பல் மாதிரி ஆக்கிக்கொண்டேன். வால்வு அசையவில்லை. நெருப்பில் காட்டினால் டாங்கின் ஈயப் பற்று விட்டுப்போகும். அதனால் இரண்டு நாள் டீசல் ஊற்றி வைத்து, பிறகு கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, மெல்லத் திருப்பினேன். "டக்" என்று ஒரு சத்தம். உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். இல்லை, கழன்றிருந்தது!

புது ரப்பருக்கு முதலில் சைக்கிள் ட்யூபை வெட்டிப் போட்டேன். கிருஷ்ணாயில் பட்டதும் ஊறி உப்பிவிட்டது. அப்புறம் பாரிமுனையில் சீல் விற்கும் கடையில் நைட்ரைல் ரப்பர் துண்டு, 20 ரூபாய். இது எண்ணெய்க்கு அசையாது. மூன்று தடவை வெட்டி, நாலாவதுதான் பொருந்தியது.

உதிரிக்காகப் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் ஓட்டை டாங்கோடு இன்னொரு ஸ்டவ் தேடலாம் என்று இருக்கிறேன். பீச் ஸ்டேஷனில் ஏறினால் ஒரே ரயில். அதற்குள் கண் வேறு பக்கம் போய்விட்டது: அதே காயலான் கடையில் சாவி கொடுக்கும் சுவர்க் கடிகாரம் ஒன்று, பெண்டுலம் இல்லாமல். "அடுத்த வாரம் வாண்ணா, எடுத்து வெக்கிறேன்" என்றிருக்கிறார்.

ஸ்டவ்வை இன்னும் பற்றவைக்கவில்லை. பர்னரில் இருக்கும் நிப்பிளின் குட்டித் துளை அடைத்திருக்கிறது, அதைக் குத்தும் பின் ஊசி உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. கிருஷ்ணாயிலும் அரை பாட்டில்தான் இருக்கிறது.