கருந்துளைப் பயமும் கதிர் அறைப் பயமும்

கதிர்வீச்சு சிகிச்சை மெஷினை இயக்குவது என் வேலை. நாங்கள் அதை லினாக் என்போம். எலக்ட்ரான்களை ஒளியின் வேகத்துக்கு மிக அருகில் விரட்டி, டங்ஸ்டன் தகட்டில் மோதவிட்டு, கிளம்பும் எக்ஸ் கதிரைப் புற்றுக்கட்டியின் மேல் செலுத்தும் கருவி. ஆக, அதுவும் ஒரு துகள் முடுக்கிதான். உலகில் முடுக்கிகள் 30,000க்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும்தான் ஓடுகின்றன. ஆனால் முடுக்கி என்று சொன்னதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஜெனீவா அருகே, தரைக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் கிடக்கும், செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் ஆய்வகத்தின் எல்.எச்.சி. மட்டும்தான். புரோட்டான்களை எதிரெதிராக விரட்டி மோதவிடும் முடுக்கி அது. கூடவே, "அதுல கருந்துளை பிறந்து பூமியை விழுங்கிடுமாமே?" என்ற கேள்வியும் வரும்.

2022 ஜூலையில் அது 13.6 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் மறுபடி மோதல்களைத் தொடங்கியபோது, வேறு உலகத்துக்குக் கதவு திறக்கப்போகிறது என்று வீடியோக்கள் பரவின. என் தங்கையும் ஒன்றை அனுப்பி, "அக்கா, இது நிஜமா? பசங்க பயப்படுறாங்க" என்று கேட்டாள். இப்படிக் கேட்பவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு ஒருபோதும் மனம் வந்ததில்லை. தினமும் இதே மாதிரிக் கேள்விகளோடுதான் ஆட்கள் என் அறைக்குள் வருகிறார்கள். "வீட்டுக்குப் போனதும் பேத்தியைத் தூக்கலாமா பாப்பா? என் உடம்புலேர்ந்து அவளுக்குக் கதிர் போயிடாதா?" என்று ஒரு பாட்டி கேட்டார். போவதற்கு வாய்ப்பு ரொம்பக் குறைவு பாட்டி என்று நான் சொல்லியிருந்தால் அவர் அன்றைக்குப் பேத்தியைத் தொட்டிருக்க மாட்டார். மெஷினை நிறுத்தியதும் கதிர் நின்றுவிடுகிறது, உடம்பில் எதுவும் தங்குவதில்லை, அதனால் கொடுப்பதற்கு உங்களிடம் ஒன்றுமே இல்லை என்று காரணத்தோடு சொன்னேன். (உடம்புக்குள் கதிரியக்க மருந்து கொடுக்கும் சிகிச்சைகள் வேறு. அவற்றுக்குத் தனி விதிகள் உண்டு.) பயந்தவருக்கு வேண்டியது காரணம். சதவீதத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

எல்.எச்.சி. விஷயத்தில் மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது அந்த 'வாய்ப்பு ரொம்பக் குறைவு' என்ற பதில்தான் என்பது என் வருத்தம். குறைவு என்றால் கொஞ்சமாவது இருக்கிறது என்றுதானே காதில் விழும்? 2008இல் அமெரிக்காவின் ஹவாயில் இரண்டு பேர் எல்.எச்.சி.யை நிறுத்தச் சொல்லி வழக்கே போட்டார்கள். வழக்கு தள்ளுபடியானது. நீதிமன்றம் தள்ளிவிட்டது என்பதற்காகப் பயம் போய்விடுமா?

இத்தனைக்கும் நல்ல பதில் ஒன்று இருந்தது. விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் எனப்படும் அதிவேகத் துகள்கள் பூமியின் காற்று மண்டலத்தில் ஓயாமல் மோதிக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் சில, நாம் உண்டாக்கும் எதையும்விடப் பல மடங்கு வலுவானவை. 1991 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டாவில் பதிவான ஒற்றைத் துகளின் ஆற்றல், எல்.எச்.சி.யின் ஒரு புரோட்டானுடையதைப்போல 4 கோடி மடங்குக்கும் மேல். எதிரெதிராக வரும் இரண்டு புரோட்டான் கற்றைகள் மோதுவதும், வேகமான துகள் ஒன்று நின்றுகொண்டிருக்கும் அணுவில் மோதுவதும் சமமல்ல என்பதால் அதைக் கழித்துக் கணக்கிட வேண்டும். அப்படிக் கழித்த பிறகும் எல்.எச்.சி. மோதலைவிடச் சுமார் 50 மடங்கு மிஞ்சுகிறது. இது பூமி பிறந்த நாளிலிருந்து நடக்கிறது. எல்.எச்.சி.யில் ஒரு புரோட்டான் சுமக்கும் ஆற்றல், பறக்கும் சில கொசுக்களின் ஆற்றல்தான். அதை அவ்வளவு சின்ன இடத்துக்குள் அடைப்பதுதான் பெரிய காரியம்.

சரி, இதற்கும் எதிர்க்கேள்வி உண்டு. எனக்குப் பிடித்த கேள்வியும் அதுதான். காஸ்மிக் கதிரால் கருந்துளை பிறந்தால் அது அதே வேகத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். எல்.எச்.சி.யில் பிறப்பது மெதுவாக இருந்து இங்கேயே தங்கிவிட்டால்? விஷயத்தைப் புரிந்துகொண்ட ஆள்தான் இப்படிக் கேட்க முடியும். இயற்பியலாளர்கள் கிடிங்ஸும் மங்கானோவும் 2008இல் இதை எடுத்து ஆராய்ந்தார்கள். நுண்ணிய கருந்துளைகள் ஆவியாகி மறைந்துவிடும் என்ற இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் கணிப்பு இன்னும் நேரில் சோதிக்கப்படாதது. அதனால் அதில் சாய்ந்துகொள்ளாமல், கருந்துளை மறையவே மறையாது என்று பயப்படுபவர் பக்கமே நின்று கணக்குப் போட்டார்கள். எரிந்து முடிந்த விண்மீன்களின் எச்சங்களான வெள்ளைக் குள்ளன் விண்மீன்களும் நியூட்ரான் விண்மீன்களும் பயங்கர அடர்த்தியானவை. காஸ்மிக் கதிர் அங்கே மோதி ஆபத்தான கருந்துளை பிறந்திருந்தால் அந்த அடர்த்தி அதைத் தடுத்து நிறுத்தியிருக்கும். அது விண்மீனைத் தின்று முடித்திருக்கும். அந்த விண்மீன்களோ கோடிக்கணக்கான ஆண்டுகளாக வானத்தில் அப்படியே இருக்கின்றன. இந்தப் பதிலை முதல்முறை படித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தப் பாட்டிக்கு நான் சொன்னதைப்போல, பயத்தின் உள்ளேயே போய்ச் சொன்ன பதில் இது.

ஆனால் 2008 செப்டம்பர் 10ஆம் தேதி முதல் கற்றை சுற்றப்போகிறது என்றதும், பல தொலைக்காட்சிகள் இதைச் சொல்லவில்லை. உலகம் அழியப்போகிறதா என்றே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துப் பார்த்துக் கலங்கி மத்தியப் பிரதேசத்தில் ஒரு பதின்வயதுப் பெண் தன் உயிரை விட்டாள் என்று செய்தி வந்தது. அந்தச் செய்தியை என்னால் மறக்க முடியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நியூட்ரான் விண்மீன் கதையைச் சொல்ல ஒருவர் இருந்திருக்கலாம்.

அதே மாதம் 19ஆம் தேதி எல்.எச்.சி.யில் நிஜமான விபத்து ஒன்று நடந்தது. இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஒரு மின் இணைப்பு சரியில்லாமல் போய், அந்த இடம் சூடாகிப் பொறி பறந்தது. காந்தங்களை மைனஸ் 271 டிகிரியில் வைத்திருந்த திரவ ஹீலியம் சுமார் 6 டன் வெளியேறியது. பல டன் எடையுள்ள காந்தங்கள் இடம்பெயர்ந்தன. 53 காந்தங்களை மேலே எடுத்துப் பழுதுபார்க்கவோ மாற்றவோ வேண்டியிருந்தது. சுரங்கத்தில் யாரும் இல்லாததால் ஒருவருக்கும் அடிபடவில்லை. மறுபடி ஓட 2009 நவம்பர் ஆனது. முடுக்கியோடு வேலை செய்கிறவளாக நான் பயப்படுவதும் இந்த மாதிரி விஷயங்களுக்குத்தான்: ஒரு இணைப்பு, ஒரு கதவுப் பூட்டு, ஓடாமல் போன ஓர் எச்சரிக்கை விளக்கு. 1978இல் சோவியத் ரஷ்யாவின் புரோத்வினோவில் அனத்தோலி புகோர்ஸ்கி என்ற விஞ்ஞானி, முடுக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே தலையை உள்ளே நீட்டிவிட்டார். புரோட்டான் கற்றை தலையைத் துளைத்துக்கொண்டு போனது. பிழைத்துவிட்டார். ஆனால் இடது காது கேட்காமல் போனது, முகத்தின் இடது பக்கம் செயலிழந்தது. எங்கள் அறைக் கதவு திறந்தால் கற்றை தானாக நின்றுவிடும். அந்தப் பூட்டைக் காலையில் சோதிக்காமல் நான் யாரையும் உள்ளே படுக்க வைக்க மாட்டேன்.

நம்பிக்கைகளையும் இதே கண்டிப்போடு பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். எல்.எச்.சி., பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதாகக் கருதப்படும் கரும்பொருளைக் கண்டுபிடிக்கும், ஒவ்வொரு துகளுக்கும் ஒரு சமச்சீர் ஜோடியைக் காட்டும் என்றெல்லாம் பேசினார்கள். 2012 ஜூலை 4 அன்று அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பதை விளக்க உதவும் ஹிக்ஸ் போசான் என்ற துகள் கிடைத்ததை அறிவித்தார்கள். அது உண்மையிலேயே மகத்தான நாள். மற்றவை இன்றுவரை கிடைக்கவில்லை. புற்றுநோய்க்கு மருந்து வரும் என்று சொல்லிப் பணம் கேட்பதும் எனக்கு உடன்பாடில்லை. அதில் கொஞ்சம் உண்மை இருந்தாலும்கூட.

அந்த உண்மைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்சன். புரோட்டான் கற்றையால் கட்டிகளைக் குணப்படுத்தலாம் என்று 1946இலேயே எழுதியவர். 1954இல் அமெரிக்காவின் பெர்க்லியில் முதல் நோயாளிக்கு அந்தச் சிகிச்சை கிடைத்தது. அதே வில்சன் 1969இல் புதிய முடுக்கிக்குப் பணம் கேட்டு அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்தபோது, இது நாட்டின் பாதுகாப்புக்கு உதவுமா என்று கேட்டார்கள். நேரடியாக உதவாது, நாட்டைப் பாதுகாக்கத் தகுந்ததாக ஆக்க உதவும் என்றார். மருத்துவத்தைக் காட்டிக் காசு கேட்க அவரைவிடத் தகுதியானவர் யார்? ஆனால் அன்று அவர் அதைக் காட்டிக் கேட்கவில்லை. நான் மதிக்கும் நேர்மை இது.

இப்போது செர்ன் 91 கிலோமீட்டர் சுற்றளவுள்ள புதிய முடுக்கி வளையம் ஒன்றைத் திட்டமிடுகிறது. முதல் கட்டத்துக்கே சுமார் 1,500 கோடி சுவிஸ் ஃபிராங்க் ஆகும் என்கிறார்கள். கட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் தோண்டும் மண்ணை எங்கே கொட்டுவது, மின்சாரம் எவ்வளவு போகும், யாருடைய நிலம் போகும் என்று அந்தப் பகுதி மக்கள் கேட்கிறார்கள். கிடிங்ஸும் மங்கானோவும் கருந்துளைக்குப் போட்ட மாதிரி ஒரு கணக்கை இந்தக் கேள்விகளுக்கும் போட்டு, முதல் குழி தோண்டுவதற்கு முன்னால் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.