ஹபிள் படங்களைக் கழித்துப் பார்த்தேன்: சூப்பர்நோவா ரெஃப்ஸ்டால்

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் பழைய படங்கள் மாஸ்ட் என்ற இணையக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வானின் ஒரே இடத்தை வேறு வேறு ஆண்டில் எடுத்த இரண்டு படங்களை எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் புதிதாக முளைத்த ஒளி மட்டும் மிஞ்சும். தொலைதூர சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்களை, ஆய்வாளர்கள் பிடிப்பதே இப்படித்தான். விடை தெரிந்த கணக்கில் கைபழகலாம் என்று ரெஃப்ஸ்டால் என்ற சூப்பர்நோவாவை எடுத்துக்கொண்டேன்.

2014 நவம்பரில் பேட்ரிக் கெல்லி, மேக்ஸ் ஜே1149 என்ற கேலக்ஸிக் கூட்டத்தின் படத்தில் கண்டுபிடித்தது இது. வெடித்த விண்மீன் அந்தக் கூட்டத்துக்கு வெகு பின்னால், ஒரு சுருள் கேலக்ஸியில் இருந்தது. ஒளி கிளம்பி 900 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. வழியில் இருந்த ஒரு நீள்வட்ட கேலக்ஸியின் ஈர்ப்பு அந்த ஒளியை வளைத்து, ஒரே வெடிப்பை நான்கு புள்ளிகளாகக் காட்டியது.

நான் எடுத்த படங்களின் ஒளி வடிகட்டி எஃப்160டபிள்யூ, அதாவது 1.6 மைக்ரான் அகச்சிவப்பு. ஒளி வரும் வழியில் இரண்டரை மடங்கு நீண்டுவிட்டதால், அங்கே சிவப்பாகக் கிளம்பியது இங்கே அகச்சிவப்பாக வந்து சேர்கிறது. இன்னொரு வசதி, இந்தக் கேமரா ஒரே படத்துக்குள் பல தடவை அளவெடுப்பதால் காஸ்மிக் கதிர் (விண்வெளியிலிருந்து பாயும் துகள்) விழுந்த இடங்களைக் கண்டுபிடித்து நீக்கிவிட முடிகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படங்களில் அந்தக் கீறல்கள் பெரிய தொல்லை.

'முன்' படம் கேலக்ஸிக் கூட்டங்களை ஹபிளால் படமெடுத்த கிளாஷ் திட்டத்துடையது, 'பின்' படம் 2015-ஐச் சேர்ந்தது. பிக்சல் கட்டங்கள் பொருந்தாததால் பைத்தானில் ரீப்ராஜெக்ட் என்ற நிரல்தொகுப்பைக் கொண்டு ஒன்றை மற்றதன் மேல் உட்கார வைத்தேன். நேரம் போனதெல்லாம் இங்கேதான்; கழித்தல் ஒரே வரி.

கழித்ததும் படம் முழுக்கக் குப்பை. தொலைநோக்கி திரும்பியிருந்த கோணம் வேறு என்பதால் நம் பால்வெளியின் விண்மீன்கள் ஒவ்வொன்றும் கறுப்பும் வெள்ளையுமாக முள் போன்ற கோடுகளை விட்டுச்சென்றன. பிரகாசமான கேலக்ஸிகளின் மையங்களில் வளையங்கள். நீள்வட்ட கேலக்ஸியைச் சுற்றி மட்டும் நான்கு சுத்தமான வெள்ளைப் புள்ளிகள்! டிஎஸ்9 மென்பொருளில் இரண்டு படங்களையும் பிளிங்க் போட்டபோது, அதாவது மாற்றி மாற்றிக் காட்டியபோது, அவை இன்னும் தெளிவாகத் தெரிந்தன. என்னைக் கேட்டால், சந்தேகமான இடத்தில் கழித்தலைவிட கண்ணையே நம்பலாம்.

அப்புறம் ஐந்தாவது புள்ளி. கூட்டத்தின் ஈர்ப்பு அந்தச் சுருள் கேலக்ஸியையே பல பிரதிகளாகக் காட்டுகிறது. இன்னொரு பிரதியில் அதே வெடிப்பு தாமதமாகத் தெரியும் என்று பல குழுக்கள் முன்கூட்டியே கணித்திருந்தன. 2015 டிசம்பர் 11 அன்று ஹபிள் எடுத்த படத்தில் அது வந்தே விட்டது. அந்த மாதத்துப் படத்தைக் கழித்தால், மற்ற நான்கைவிட மங்கலாக, சொன்ன இடத்தில் நிற்கிறது. இந்தத் தாமதத்தை வைத்துப் பிரபஞ்சம் விரியும் வேகத்தை அளக்கலாம் என்று இந்த சூப்பர்நோவாவுக்குப் பெயர் தந்த நார்வேயின் வானியலாளர் ஷூர் ரெஃப்ஸ்டால் 1964-லேயே எழுதிவிட்டார். அப்போது இப்படி ஒன்றை யாரும் பார்த்ததே இல்லை!

அடுத்து வெப் விண்வெளித் தொலைநோக்கியின் ஜேட்ஸ் என்ற ஆய்வுத் திட்டத்துப் படங்கள். 2022, 2023 படங்களை ஒப்பிட்டு அங்கே சுமார் 80 மாறும் பொருள்களைப் பிடித்திருக்கிறார்கள். வெப்பின் அறுகோணக் கண்ணாடிகள் ஒவ்வொரு விண்மீனுக்கும் கூடுதல் முட்கள் தருவதால், இரண்டு படத்தின் கோணமும் நெருக்கமாக உள்ள பகுதியாகப் பார்த்துத் தொடங்கப் போகிறேன்.