பூனையைக் காவல் வைத்தவர் யார்?

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்ததுபோல என்று சொல்லும்போதெல்லாம் நம் கோபம் பூனையின் மேலேயே பாய்கிறது. வேலியே பயிரை மேய்ந்தது என்பதும் ஏறத்தாழ இதே பொருள் தரும் பழமொழிதான் என்றாலும், அங்கே நம்பி வைத்த ஒன்று பிறகு துரோகம் செய்கிறது. இங்கேயோ பூனையின் குணம் முதல் நாளே ஊரறிந்தது. ஆகவே இப்பழமொழி பழிப்பது பூனையை அன்று, அதைக் கொண்டுவந்து உட்கார வைத்தவரையே என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் ஜான் கேகன் என்னும் பாதிரியார் மீது சிறுவர்களிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாகப் பல புகார்கள் இருந்தும், கத்தோலிக்கத் திருச்சபையின் பாஸ்டன் மறைமாவட்டம் அவரைப் பங்குக்குப் பங்கு (ஒரு தேவாலய வட்டாரத்திலிருந்து இன்னொன்றுக்கு) மாற்றிக்கொண்டே இருந்ததை 2002 ஜனவரியில் 'பாஸ்டன் குளோப்' நாளிதழ் அம்பலப்படுத்தியது. புதிய பங்கின் பெற்றோருக்கு அவருடைய பழைய கதை தெரியாது; மாற்றல் ஆணை பிறப்பித்தவர்களுக்குத் தெரியும். பேராயராக இருந்த கர்தினால் பெர்னார்ட் லா அதே ஆண்டு டிசம்பரில் பதவி விலகினார்; 2004இல் ரோமின் புனித மரியா பெருங்கோவில் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. (பூனையை வைத்தவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடைப்பது அபூர்வம்.)

ஒருவரைப் பணியில் அமர்த்துமுன் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கு வழிகளிலும் சோதித்துத் தெளிய வேண்டும் என்கிறது திருக்குறளின் 'தெரிந்துதெளிதல்' அதிகாரம். ஆனால் அங்கே ஆள் எடுப்பவன் அரசன். தேர்வு பிழைத்தால் ஆட்டங்காண்பது அவன் ஆட்சியே என்பதால் அவன் சோதிக்காமல் இருக்க மாட்டான். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் மனநலம் குன்றியோருக்கும் காப்பாளரை நியமிப்பவருக்கோ இழப்பதற்கு எதுவுமில்லை. பூனை குடிப்பது அவருடைய பாலை அன்று.

அதனால்தான் ஒரு காப்பகம் எப்படிப்பட்டது என்பதை அறிய நான் காப்பாளரின் முகத்தைப் பார்ப்பதில்லை. சுவரில் தொங்கும் புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது, உள்ளே இருப்பவர்களின் வங்கிப் புத்தகத்தை யார் பூட்டி வைத்திருக்கிறார்கள், பார்க்க வரும் உறவினரிடம் அவர்கள் தனியாகப் பேச முடிகிறதா என்றுதான் கேட்கிறேன். எல்லாச் சாவிகளும் ஒரே கொத்தில் தொங்கினால், நல்லவரையே அமர்த்தியிருக்கிறோம் என்று நிர்வாகம் எத்தனை சான்றிதழ் காட்டினாலும் நான் நம்புவதாக இல்லை.